‘மறுப்பு’ என்று எழுதும் முன்: ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ்-பி ஊசி போடும் பொறுப்பு உங்களிடம் வந்தால்

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக, ஐ.சி.என். ஆகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் உங்கள் மேசைக்கு வரும் சாமான்களில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸுக்கான தடுப்பூசிக் கணக்கு எழுதிய ஒரு நீள ரெஜிஸ்டர் கட்டாயம் இருக்கும். எனக்கு வந்ததன் அட்டை கிழிந்து, அதன்மேல் வார்டு பிளாஸ்டரே ஒட்டியிருந்தது. மூலையில் டீ கிளாஸ் வைத்த வட்டம். உள்ளே பெயர், பிரிவு, முதல் டோஸ், இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் ‘குறிப்பு’. அந்தக் கடைசிக் கட்டத்தில் 11 பேருக்கு எதிரே சிவப்பு மையில் ‘மறுப்பு’ என்று எழுதியிருந்தது.

அந்த 11 பேரையும் தேடிப்போய்ப் பேசி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. 2 பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். 3 பேர் ஊசி போட்ட அன்று நைட் டூட்டி முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதன்பிறகு யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒருவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். ‘பிரசவம் முடியட்டும், போட்டுக்கலாம்’ என்று யாரோ சொல்ல, குழந்தை யு.கே.ஜி. போன பிறகும் ஊசி போடவில்லை. 2 பேர் பழைய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டு கார்டைத் தொலைத்தவர்கள். வேண்டாம் என்று வாயால் சொன்னவர்கள் மிச்சம் 3 பேர்தான். அதிலும் ஒருவர் சொன்ன காரணம் உண்மைக் காரணம் இல்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் டிராயரில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் வேலை: யார் யார் என்ற பட்டியல்

எச்.ஆர். கொடுக்கும் பட்டியலை மட்டும் நம்பினால் டாக்டர், நர்ஸ், லேப், ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) ஆட்களோடு முடிந்துவிடும். உண்மையில் பயன்படுத்திய ஊசி குப்பைப் பையைத் தூக்குகிறவர்களுக்கும் குத்தும். மஞ்சள் பையில் யாரோ அவசரத்தில் போட்ட ஊசி, பையைத் தோளில் சாய்த்ததும் முதுகில் ஏறும். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், வார்டு ஆயாக்கள், லாண்டரிக்காரர், குப்பை அறையில் எடை போடுகிறவர், ஆம்புலன்ஸ் டிரைவர், பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் எல்லாரும் பட்டியலில் வர வேண்டும்.

‘அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, நம்ம கணக்குல வராது’ என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை அப்போது எடுத்து வையுங்கள். கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் ஊசி போடவேண்டியது மருத்துவமனையை நடத்துபவரின் கடமை என்று அதில் இருக்கிறது. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது அந்த விதிக்குத் தேவையில்லாத விஷயம். நான் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். வாய்ச் சண்டை போட்டதைவிட அந்த ஒரு தாள்தான் அதிக வேலை செய்திருக்கிறது.

அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம்: 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கான தடுப்பூசியும் சேர்ந்தே இருக்கிறது.

உங்கள் கையை முதலில் நீட்டுங்கள்

அடுத்தவரிடம் போகும் முன் உங்கள் சொந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். மூன்று டோஸ் ஆகிவிட்டதா, டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு, பார்த்தாயிற்றா? நான் பார்க்காமலே ஒரு வருடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லேப் டெக்னீஷியன் அண்ணன், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உங்களுக்கு எவ்வளவு சிஸ்டர் டைட்டர்?” என்றார். வாய் அடைத்துப்போனது. அன்று மாலையே ரத்தம் கொடுத்தேன். இப்போது அந்த ரிப்போர்ட் என் போனில் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன், கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

சில எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்

நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்ற வாய்ப்பு, வைரஸ் வீரியமாக இருந்தால் நூற்றுக்கு 30 வரை. ஹெபடைட்டிஸ்-சி என்றால் ஏறத்தாழ 3 அல்லது அதற்கும் கீழே. எச்.ஐ.வி. என்றால் 0.3. நம் ஆட்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் பயப்படுகிறார்கள். எச்.ஐ.வி. நோயாளி என்றால் இரண்டு கையுறை மாட்டுவார்கள். ஹெப்-பி என்றால் ‘அட, காமாலைதானே’ என்பார்கள். மூன்று நோயிலும் அதிகம் தொற்றக்கூடியது இதுதான், முறையான தடுப்பூசி இருப்பதும் இதற்கு மட்டும்தான். வகுப்பு எடுக்க நேரமில்லை என்றால் இந்த மூன்று எண்ணை மட்டும் சொன்னாலே போதும்.

இன்னொன்று: உலர்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். டிராலியின் ஓரத்தில் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும் அந்தச் சொட்டைக் காட்டிச் சொல்லுங்கள். போஸ்டரைவிட அது நன்றாகப் புரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022-இல் இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வார்டில் ‘பாசிட்டிவ்’ ஸ்டிக்கர் ஒட்டாத நோயாளியிடம்தான் நாம் கவனக்குறைவாக இருக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

‘போட்டாச்சா’ என்று கேட்கவே கூடாது

ஏனென்றால் பதில் எப்போதும் ‘போட்டாச்சு சிஸ்டர்’தான். டெட்டனஸ் ஊசி போட்டவரும் அதையே சொல்வார், கொரோனா ஊசி போட்டவரும் அதையே சொல்வார். ‘எந்த வருஷம், எந்த ஊர்ல, எத்தனை தடவை, எந்தக் கையில’ என்று கேளுங்கள். ‘எந்தக் கையில’ என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. பெரியவர்களுக்கு இது தோள்பட்டைத் தசையில் போடவேண்டிய ஊசி. இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. ‘இடுப்புல போட்டாங்க’ என்று ஒருவர் சொன்னால் அந்த டோஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு காரணம் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். காரணத்தைக் கேட்டதும் பதில் சொல்லத் துடிக்கும் நாக்கு நமக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-இல் தடுப்பூசித் தயக்கத்தை மூன்றாகப் பிரித்தது: நம்பிக்கைக் குறைவு, ‘எனக்கென்ன வரப்போகிறது’ என்ற அலட்சியம், வசதிக் குறைவு. புத்தகத்துக்கு அது சரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அது வேறு முகங்களோடு வரும்.

டாக்டர்களுடையது பெரும்பாலும் அலட்சியம். ‘காலேஜ்ல போட்டோம்மா’ என்பார்கள். எத்தனை டோஸ் என்றால் கண் கூரைக்குப் போகும். அவர்களிடம் வாதம் வேண்டாம். ஓ.பி. தொடங்கும் முன் ஊசியோடு அறைக்குள் போய் நில்லுங்கள், ஒரு நிமிட வேலை. பெரிய டாக்டர் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டியதைப் பார்த்தால் கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் தானாக வருவார்கள். அவரே ‘இதெல்லாம் எதுக்கு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் உங்கள் ஆறு மாத உழைப்பு போச்சு. அதனால் மேலிருந்து தொடங்குங்கள்.

வயதான டெக்னீஷியன்கள், ‘இருபது வருஷமா ரத்தத்துலதான் கை வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை’ என்பார்கள். அது வீம்பு மட்டுமில்லை, பெருமையும்கூட. அதை உடைக்காதீர்கள். ‘அண்ணே, அப்ப டைட்டர் மட்டும் பார்த்துடுவோம், ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தா ஊசியே வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். தன் லேபிலேயே தன் ரத்தத்தை ஓட்டிப் பார்க்கும் ஆசையை யாரும் விடமாட்டார்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் கேட்பது ஒன்றே ஒன்று: ‘காய்ச்சல் வந்தா நாளைக்குக் கூலி யாரு தருவா?’ இதைத் தயக்கம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அது நியாயமான கணக்கு. இந்த ஊசிக்குக் கை வலிதான் அதிகம், காய்ச்சல் சிலருக்குத்தான் வரும் என்று சொல்லுங்கள். கூடவே சூப்பர்வைசரிடம் பேசி, வாரவிடுமுறைக்கு முந்தின நாளில் அவர்களுக்குப் போடுங்கள். எங்களிடம் அதைச் செய்த மாதம் வரிசை தானாக நின்றது.

இன்னொரு குரலும் வரும்: ‘காமாலை வந்தா கீழாநெல்லி இருக்கே.’ சிரிக்காதீர்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பர்க்கும் ஒருவர். கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக அதில் சொன்னார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இதை அப்படியே சொல்லுங்கள். ‘உங்க பாட்டி சொன்னது முட்டாள்தனம்’ என்று சொல்வதற்கும், ‘உங்க பாட்டி சொன்னதைச் சோதிச்சு லான்செட்லயே எழுதினாங்க, அப்புறம் நிக்கலை’ என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதோடு, கீழாநெல்லி நோய் வந்த பிறகு கொடுக்கும் மருந்து. நாம் பேசுவது வராமல் தடுப்பதைப் பற்றி.

கொரோனா ஊசியின் நினைவு

இளம் நர்சுகளிடம் பேசும்போது நீங்கள் ஹெப்-பி பற்றிப் பேசுவீர்கள், அவர்கள் 2021-ஐ நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தயாராக இல்லாவிட்டால் பேச்சு ஓடாது.

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் கொரோனா ஊசி தொடங்கியபோது முதல் வரிசை நம்முடையதுதான். தமிழ்நாட்டிலும் அந்த முதல் நாட்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஏன் என்று இன்று யோசித்தால், எல்லாமே வதந்தியால் இல்லை. கோவாக்சினுக்கு அப்போது மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வந்திருக்கவில்லை, மார்ச்சில்தான் வந்தது. ‘மருத்துவ ஆய்வு முறையில்’ அனுமதி என்று சொல்லி, தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். படிவத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு நர்ஸ் தயங்கினால் அது அறியாமை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது என்றார்கள். மே மாதம் பாலூட்டுபவர்களுக்குப் போடலாம் என்றார்கள். ஜூலையில் கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்றார்கள். கோவிஷீல்டின் இரண்டாவது டோஸுக்கு முதலில் 4 வாரம், பிறகு 8 வாரம் வரை, மே மாதம் 12 முதல் 16 வாரம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறிவியல் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்தை வார்டில் நிற்கிற பெண்ணிடம் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. சர்க்குலர்தான் வந்தது.

அந்த ஏப்ரலில் நடிகர் விவேக். 15-ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று கேமரா முன் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் மத்திய நிபுணர் குழு ஆராய்ந்து சொன்னது. அது வெளிவர பல மாதம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் வீட்டில் ‘நீ போடாதே’ என்று சொல்லியிருப்பார்கள்? நானே என் அம்மாவிடம் ஒரு வாரம் வாதாடினேன்.

‘அதெல்லாம் சும்மா வாட்ஸ்அப் புரளி’ என்று தள்ளிவிட்டால் அவர்கள் உங்களிடம் மறுபடி வாய் திறக்கமாட்டார்கள். ‘ஆமா, அப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துது’ என்று தொடங்குங்கள். பிறகு வித்தியாசத்தைச் சொல்லுங்கள். ஹெப்-பி ஊசி புதிது இல்லை. இன்று போடும் மரபணு மறுசேர்க்கைத் தொழில்நுட்ப வகை 1986 முதல் உலகில் புழக்கத்தில் இருக்கிறது. 1997-இலேயே ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இங்கே தயாரித்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் நாமே போடுகிறோம். நாடு முழுக்க அது வழக்கமானது 2011-இல்தான். அதனால் இப்போது டூட்டி பார்க்கும் பெரும்பாலானோருக்குக் குழந்தையில் கிடைத்திருக்காது. ‘லேபர் வார்டுல நீங்க பச்சைப்பிள்ளைக்குப் போடுற அதே ஊசிதான் சிஸ்டர்’ என்ற ஒரு வாக்கியம் எனக்கு நிறையப் பேரை அழைத்து வந்திருக்கிறது.

கல்யாணம், கர்ப்பம் பற்றிய கேள்வி நேராக வராது, சுற்றி வளைத்து வரும். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் போடலாம். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சொல்லாத காரணம்

அந்த மூன்று பேரில் ஒருவர் என்றேனே, அவர் ஓ.டி. டெக்னீஷியன். ஊசி போடும் நாளில் மட்டும் ஆளே கிடைக்கமாட்டார். முதல் முறை ‘லீவு’. அடுத்த முறை ‘ஊசின்னாலே எனக்கு அலர்ஜி’. நாள் முழுக்க ஊசியோடு புழங்குகிறவர்! மூன்றாவது முறை நான் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அவராகவே பக்கத்தில் வந்து நின்றார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சிஸ்டர், ஊர்ல ஒரு கேம்ப்ல பிளட் குடுத்தேன். ரத்த வங்கியிலேருந்து போன் பண்ணி ஒரு தடவை நேர்ல வாங்கன்னாங்க. போகலை. நம்பரை மாத்திட்டேன்.”

ரத்த வங்கி எதற்காகத் திரும்பக் கூப்பிடும் என்று அவருக்குத் தெரியும். நம் ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வார்களோ, வேலை போய்விடுமோ, மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் நாலு வருடமாகத் தப்பித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் அவர் ‘மறுப்பு’.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். ஊசி போடுவதற்குப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்காதீர்கள். ஏற்கெனவே தொற்று இருப்பவருக்கு இந்த ஊசி போட்டால் பயன் இல்லை, கெடுதலும் இல்லை. பரிசோதனை செய்ய விரும்புகிறவர்களுக்கு மட்டும் ரத்தம் எடுங்கள், எடுத்த கையோடு முதல் டோஸையும் போட்டுவிடுங்கள். ரிப்போர்ட் உங்களுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் போகக்கூடாது. எச்.ஆருக்கும் கூடாது.

ரெஜிஸ்டரில் ஒரு சின்ன தந்திரம். ‘தேவையில்லை’ என்று ஒரே குறியீடு வையுங்கள். ஏற்கெனவே டைட்டர் போதுமான அளவு உள்ளவருக்கும் அதே குறியீடு, பாசிட்டிவ் ஆனவருக்கும் அதே குறியீடு. பக்கத்தைப் புரட்டுகிற யாருக்கும் எது எதுவென்று தெரியாது.

அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கல்லீரல் பிரிவுக்கு என் விடுமுறை நாளில் அழைத்துப் போனேன். தேசியத் திட்டத்தில் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருந்தும் இலவசம். பாசிட்டிவ் என்பதற்காக ஆஸ்பத்திரி வேலை செய்யவே கூடாது என்பது கிடையாது. வைரஸ் அளவு, செய்யும் வேலை இரண்டையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். மனைவிக்கும் மகனுக்கும் பரிசோதித்துவிட்டு ஊசி தொடங்கினோம். அன்று திரும்பும் பஸ்ஸில் அவர் நெடுநேரம் பேசவில்லை. தாம்பரம் தாண்டியதும், “இதை நாலு வருஷம் முன்னாடியே யாராவது கேட்டிருக்கலாம்” என்றார். யாரும் கேட்கவில்லை என்றில்லை. எல்லாரும் கேட்டார்கள், சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு.

ஊசி போடும் நாள்

கான்ஃபரன்ஸ் ஹாலில் பேனர் கட்டி, காலை 11 மணிக்கு எல்லாரையும் வரச்சொல்வது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வருகிறவர்கள் அலுவலக ஆட்கள்தான். வார்டை விட்டு யாரும் வர முடியாது. நீங்கள் போங்கள். டூட்டி மாறும் நேரத்தில் இரண்டு ஷிப்டும் ஒரே இடத்தில் இருக்கும். நைட் டூட்டி ஆட்களுக்காக மாதத்தில் ஒரு இரவு நீங்களும் தங்குங்கள். வேறு வழி கிடையாது.

வேக்சின் கேரியரை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து சூட்டைவிட உறைதலுக்குத்தான் அதிகம் பயப்படும். 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே போட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும். ஐஸ் பேக் வெளியே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் ‘களக்’ என்று அசையும்வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். உறைந்ததோ என்று சந்தேகம் வந்த குப்பியை ‘பரவாயில்லை’ என்று போட்டுவிடாதீர்கள். கலங்கல் மருந்து இது, நன்றாகக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 1 மில்லி.

அட்ரினலின் கிட் பக்கத்தில் இருக்கட்டும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸில் ஒன்று என்ற அளவுக்கு அபூர்வம்தான். ஆனாலும் அரை மணி நேரம் உட்கார வைப்பது வழக்கமாகவே இருக்கட்டும். மயங்கி விழுவது அதைவிட சகஜம். சாப்பிடாமல் டூட்டிக்கு வந்த மாணவிதான் பெரும்பாலும் விழுவாள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் கேரியரோடு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது டோஸ் எங்கே தொலைகிறது

0, 1, 6 மாதம். முதல் டோஸ் எல்லாரும் போடுவார்கள், இரண்டாவதில் கொஞ்சம் குறையும், ஆறாவது மாதத்தில் ரெஜிஸ்டரில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். இந்த ஆறு மாதத்தில் ஒரு நர்ஸ் வேறு வார்டுக்குப் போயிருப்பார், வேறு ஆஸ்பத்திரிக்கே போயிருப்பார், அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. பரீட்சைக்குப் படிக்க லீவு போட்டிருப்பார்.

முதல் டோஸ் போட்ட நாற்காலியிலேயே அவரது போனை வாங்கி, அடுத்த இரண்டு தேதிக்கும் அலாரம் வைத்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் போனிலும் வையுங்கள். தேதி தவறினால் ‘மறுபடி முதல்லேருந்து’ என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், ஒரு வருடம் ஆகியிருந்தாலும் சரி. ‘திரும்ப மூணு ஊசியா?’ என்று நினைத்துத்தான் பாதிப் பேர் உங்களைக் கண்டால் லிஃப்டுக்குள் ஓடுகிறார்கள்.

மூன்றாவது முடிந்து 1–2 மாதத்தில் டைட்டர். ரிப்போர்ட்டில் 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருந்தால் வேலை முடிந்தது. பிற்காலத்தில் எண் இறங்கினாலும், உடல் நலமாக உள்ளவருக்குப் பூஸ்டர் தேவையில்லை. 10-க்குக் கீழே இருந்தால் இன்னொரு சுற்று. நாற்பதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், உடல் பருமன், சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி ஆவது உண்டு. ‘ஊசி வேலை செய்யலை’ என்று அவர்கள் கேன்டீனில் சொல்லத் தொடங்கும் முன் நீங்கள் உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். இரண்டாவது சுற்றிலும் வரவில்லையென்றால், ஊசி குத்தினால் உடனே இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமாகக் கொடுக்கும் எதிர்ப்புப் புரதம்) தேவை என்று அவரது கார்டில் பெரிதாக எழுதுங்கள்.

ஊசி குத்திய பின் என்ன செய்வது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. சுருக்கமாக: சோப்பு, ஓடும் தண்ணீர், பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், உடனே சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எச்.ஐ.வி.க்கான மருந்தும் தேவைப்படலாம். அதற்கு 72 மணி நேரம்தான் எல்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கடைசியிலும் வேண்டாம் என்பவர்

இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு படிவம் வையுங்கள். அமெரிக்காவில் 1991-இல் கொண்டுவந்த தொழில் பாதுகாப்பு விதி இதைத்தான் செய்தது: முதலாளி இலவசமாக ஊசி கொடுக்க வேண்டும், ஊழியர் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும், மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அங்கே சுகாதாரப் பணியாளர்களிடையே 1983-இல் ஏறக்குறைய 17,000 ஆக இருந்த தொற்று 1995-இல் 400 அளவுக்கு இறங்கியது. ஊசிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது, கையுறை, ஊசிப் பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான். பிரான்ஸ் அதே 1991-இல் கட்டாயமே ஆக்கியது. பின்னால் அந்த ஊசியால் நரம்பு நோய் வருகிறது என்று அங்கே பெரிய சர்ச்சை எழுந்து, 1998-இல் பள்ளிகளில் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். தொடர்பு நிரூபணமாகவில்லை, சந்தேகம் மட்டும் பல வருடம் நின்றது.

கட்டாயமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், வேலைக்குச் சேரும்போதே நிபந்தனையாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பத்து வருடம் உழைத்தவரிடம் போய் சம்பளத்தைப் பிடிப்பேன் என்பது எனக்குப் பிடிக்காது. போடாதவர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஓ.டி. டெக்னீஷியன் பெயரும் அதில் இருந்திருக்கும்.

படிவத்தில் கையெழுத்து வாங்கியபின் மூன்று மாதம் அவரிடம் ஊசிப் பேச்சே எடுக்காதீர்கள். பிறகு ஒரு தடவை கேளுங்கள். யாருக்காவது ஊசி குத்திய வாரத்தில் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளிடம் இவ்வளவு பேசவே வேண்டாம். இங்கிலாந்தோ வளைகுடாவோ, சேரும்போது ஹெப்-பி எதிர்ப்புச் சான்றைக் கேட்கும் ஆஸ்பத்திரிகள் அங்கே நிறைய. அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பழைய ரெஜிஸ்டரை ஸ்டோருக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். போன மாதம் இரவு 11 மணிக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு மெசேஜ்: ‘அக்கா, தூங்கிட்டீங்களா? என்னோட டோஸ் தேதி மூணும் வேணும், நாளைக்குக் காலையில குடுக்கணும்.’ எங்களிடம் வேலை பார்த்துப் போய் ஐந்து வருடம் ஆன பெண். டீ வட்டம் போட்ட அந்த ரெஜிஸ்டர்தான். 43-ஆம் பக்கம், மூன்று தேதியும் இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் ‘மறுப்பு’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் நீல மையில் என் கையெழுத்து.

அந்தக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினேன்.